பாய்லர்காரரின் இடது கண்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணின் பிரஷர் கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வோம். கொஞ்சம் கூடியிருந்தால் ஒரு மாதம். இருபத்தைந்தைத் தாண்டிவிட்டால் பதினைந்தே நாள். யார் வைத்த கணக்கோ, இருபத்திரண்டு வருடமாக நான் அதைத்தான் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்காக மருந்து போடுகிறவர்களை விரட்டிவிட்டு, போடாதவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற வழக்கம் இது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றியது ஒரே ஒருவருக்குத்தான். அவர் ஒரு துணி மில்லில் பாய்லர் பார்த்தவர்.

என் வேலை பிரஷர் பார்ப்பது. டாக்டர் வேறு, நான் வேறு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் என் அறைக்கு வந்தாக வேண்டும். கறுப்புத் திரை போட்ட சின்ன அறை. நடுவில் கருவி, இந்தப் பக்கம் என் முக்காலி, அந்தப் பக்கம் அவர்களுடைய நாற்காலி. கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, மஞ்சள் சாயத் தாளை இமையோரம் ஒற்றி, நீல வெளிச்சத்தைப் போடுவேன். கருவியின் முனை கருவிழியைத் தொட்டதும் எனக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். மேலே ஒன்று, கீழே ஒன்று. பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருகத் திருக அவை நகரும். இரண்டின் உள்விளிம்பும் சரியாகத் தொட்டுக்கொள்ளும்போது சக்கரம் காட்டுகிற எண்தான் பிரஷர். பதினாலு, பதினைந்து என்றால் நிம்மதி. முப்பது என்றால் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போவேன்.

ஒரு நாளைக்கு எண்பது பேர் வருவார்கள். எண்பது பேரிடமும் அதே நாலு வாக்கியம். "தாடையை இதுல வைங்க. நெத்தியை ஒட்டிக்கோங்க. நேரா பாருங்க. மூச்சை அடக்காதீங்க." கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறிக் காட்டும். கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தாலும் ஏறும். அதனால் கத்துவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். 'பிரஷர் மேடத்துக்குத்தான் முதல்ல பிரஷர் பாக்கணும்' என்று வெளி பெஞ்சில் பேசிக்கொள்வார்கள். நடுவில் இருப்பது ஒரு திரைதான் என்பதை மறந்துவிடுவார்கள்.

பாய்லர்காரர் முதல் தடவை வந்தபோதே கழுத்துப் பட்டனைக் கழற்றியிருந்தார். அறுபத்தாறு வயது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. உட்காராமல் கருவியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"மேடம், இதுல முள்ளு எங்க இருக்கு?"

"முள்ளெல்லாம் கிடையாது ஐயா. உக்காருங்க."

"முள்ளு இல்லாம பிரஷரை எப்படிப் பாப்பீங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். இவர் கேட்டது வம்புக்கு இல்லை, அக்கறையாகக் கேட்டார். சொன்னேன். கண்ணுக்குள்ளே ஒரு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு வடிகால் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் பிரஷர் ஏறும். ஏறினால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், அதனால் ஆளுக்கே தெரியாது.

"சேஃப்டி வால்வு?"

"அது கண்ணுக்கு வெக்கல ஐயா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க மில்லா இருந்தா இந்த பாய்லருக்கு லைசென்ஸே குடுத்திருக்க மாட்டாங்க."

அன்றைக்கு அவருக்கு வலது கண்ணில் இருபத்திரண்டு, இடது கண்ணில் இருபத்தொன்பது. இடது கண்ணின் நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருந்தது. டாக்டர் இரவு எட்டு மணிக்கு இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் இரண்டும் பதினைந்துக்கு இறங்கின.

முப்பத்துநாலு வருடம் அவர் பாய்லர் அறையில் நின்றவர். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் கடிகாரம், எதிரே வட்டமான பிரஷர் மீட்டர். மணிக்கு ஒரு தடவை முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். சிவப்புக் கோடு என்று ஒன்று உண்டு. "பாய்லரை அணைச்சா மில்லு நின்னுடும். அப்படியே விட்டா மில்லே இருக்காது. நடுவுல வெச்சிருக்கிறதுதான் மேடம் வேலை. என் கையில முள்ளு ஒரு நாள்கூட செகப்பைத் தொட்டதில்லை" என்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை. பிறகு மில்லை மூடினார்கள். அதற்கடுத்த வருடம் மனைவி போய்விட்டார். ஒரே மகள், கல்யாணமாகி வேறொரு தேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பேரன் திரையில் வந்து கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவான். டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இவர் மட்டும். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மஞ்சள் சாயம் ஊறுகிற நேரத்தில், ஒரு தடவைக்கு இரண்டு வாக்கியம் என்று சொன்னதை நான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு வருடம் அவருடைய பிரஷர் அசையவே இல்லை. இரண்டாவது ஆறு மாதச் சீட்டை எழுதும்போது நான் வழக்கமாகச் சொல்கிற ஜோக்கைச் சொன்னேன்.

"நல்ல பிள்ளையா இருக்கீங்க. இனி ஆறு மாசத்துக்கு எங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

எல்லோரும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். இவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதுக்கு முன்னாடி வரக் கூடாதா மேடம்?"

"வந்து என்ன பண்ணப் போறீங்க? நல்லா இருக்கிறவங்களுக்கு இங்க என்ன வேலை?"

நான்தான் சொன்னேன். யாரோ சொன்னதாகக் காட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அடுத்த தடவை வந்தபோது சட்டைப் பட்டன் கழுத்து வரை போட்டிருந்தது. கருவியில் முகத்தை வைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். இருபத்தொன்று காட்டியது. "என்ன ஐயா, முதல் நாளே பட்டனைக் கழட்டிட்டு வந்த ஆளு நீங்க! பட்டனைக் கழட்டுங்க, மூச்சை விடுங்க" என்று கத்திவிட்டு மறுபடி பார்த்தேன். பதினாறு. "பதினாறா?" என்று அவர் கேட்டபோது முகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் தோற்ற பிள்ளை முகம். குறைந்ததற்கு வருத்தப்படுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள், நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதற்கடுத்த தடவை, பட்டன் திறந்திருந்தது, மூச்சும் ஒழுங்காக இருந்தது. வலது கண்ணில் பதினைந்து. இடது கண்ணில் இருபத்தேழு. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் இருபத்தேழு.

டாக்டர் கேட்டார், "மருந்து போடுறீங்களா?"

"ஒரு நாள்கூட தவறினதில்லை சார்."

டாக்டர் இடது கண்ணுக்கு இன்னொரு சொட்டு மருந்தைச் சேர்த்தார். சீட்டில் பதினைந்து நாள் என்று எழுதினேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் ஒரு தடவை தட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவர் வெளி பெஞ்சில் இருப்பார். பிரஷர் கூடியிருந்தால் சாயங்காலம் ஒரு தடவை திரும்பப் பார்ப்போம், அதனால் நாள் முழுக்க இருப்பார். சும்மா உட்காரத் தெரியாத ஆள். வருகிறவர்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். "காலர் பட்டனைக் கழட்டுங்க. உள்ள போனா மூச்சை அடக்கக் கூடாது. அம்மா சத்தம் போடுவாங்க, பயப்படாதீங்க. சத்தம் மட்டும்தான்." திரைக்குப் பின்னாலிருந்து எனக்கு எல்லாம் கேட்கும். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் என் தொண்டை கட்டவில்லை. எண்பது பேரும் மூச்சு விட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். எப்போது மேடம் போய் அம்மா ஆனேன் என்று நினைவில்லை.

மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவை அந்த இருட்டறையிலேயே திறந்து சாப்பிடுவது வழக்கம். மற்றவர்கள் மாடியில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னை முன்னெல்லாம் கூப்பிட்டார்கள், நான் ஏதாவது சொல்லி மூஞ்சியை முறித்திருப்பேன், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பாய்லர்காரர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். உள்ளே வரமாட்டார். நான் "ஆச்சு ஐயா, நீங்க?" என்பேன். "ஆச்சு" என்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தேன். அம்மா போய் ஆறு வருடம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்கிற சத்தம்தான் எனக்கு வீட்டில் கேட்கிற முதல் சத்தம், காலையில் பூட்டுகிற சத்தம்தான் கடைசிச் சத்தம். எண்பது பேரின் கண்ணுக்குள்ளே அரை அங்குல தூரத்தில் பார்க்கிறேன், ஒருவரும் என்னைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குத் தெரிவது நீல வெளிச்சம்தான். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கேட்க ஆள் இருக்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த எட்டு மணி மருந்துக்கு ஒரு குணம் உண்டு. மாதக்கணக்கில் போட்டால் இமை முடி நீளமாக, கறுகறு என்று வளைந்து வளரும். வெள்ளை விழி லேசாகச் சிவந்திருக்கும். அறுபது வயதுக் கிழவர்களுக்கெல்லாம் மை போட்ட மாதிரி இமை இருக்கும். 'இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க' என்று நாங்கள் கேலி செய்வோம். மருந்தை நிறுத்தினால் சில மாதத்தில் பழைய முடி உதிர்ந்து, சாதாரண முடி வந்துவிடும். மருந்து போடுகிறேன் என்று வாய் பொய் சொல்லலாம், இமை சொல்லாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற நோயாளிகளை நான் இப்படித்தான் பிடிப்பேன். பிடித்து, காது கிழியத் திட்டுவேன்.

பாய்லர்காரரின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அது. வலது இமை முடி வளைந்து புருவத்தைத் தொடுகிற மாதிரி நின்றது. இடது இமையைத் தூக்கினேன். குட்டை முடி. விழி பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. அந்தக் கண்ணில் பல மாதமாக அந்த மருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் இமையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன். கேட்க வாயைத் திறந்தேன்.

கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொள்வார். டாக்டர் திட்டுவார். மருந்து போடுவார். பிரஷர் பதினாலுக்கு வரும். ஆறு மாதச் சீட்டை நானே என் கையால் எழுத வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு, இருபத்தெட்டு என்று எழுதினேன்.

சாக்குகளுக்கா பஞ்சம்? சிலருக்கு இமை ஒரு பக்கம் குட்டையாக இருப்பதுண்டு. மருந்து போடுகிறாரா என்று கேட்பது டாக்டர் வேலை, நான் எண்ணைப் பார்க்கிறவள்தானே. ஒரு பதினைந்து நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது, அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம். அடுத்த தடவையும் இதையே சொல்லிக்கொண்டேன். வேறு யாருடைய கண்ணாக இருந்தாலும் அன்றைக்கே கத்தியிருப்பேன். எனக்கு அவர் வர வேண்டும். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. ஒருமுறை கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டே வந்தேன். அன்றைக்கு என் டப்பாவில் அவருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன், அதனால் கேட்கவில்லை. இப்படியே எட்டு செவ்வாய்க்கிழமை போயிற்று. மூன்று மருந்து எழுதியும் எண் இறங்கவில்லை என்று டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

கடைசியில் டாக்டர் ஃபீல்ட் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, அங்கங்கே மின்னுகிற பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். தெரியாத இடமெல்லாம் தாளில் கறுப்பாக வரும். சீட்டோடு சேர்த்து அந்தத் தாளை என் அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முதல் வருடத்துத் தாளையும் எடுத்து இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் இடது கண்ணில் மேல் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் இருந்தது. புதியதில் கறுப்பு நாலு பக்கமும் வந்து நடுவில் ஒரு சின்ன வெளுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று ஒரு பழமொழி இருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களிடம் அதைச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு அதன் மேலேயே வெறுப்பு. அன்றைக்கு அதுதான் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். செயற்கையாக ஒரு வடிகால் திறந்துவிடுவது. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். பாய்லர்காரர் ஒரு படிவத்தோடு என் அறைக்கு வந்தார். மத்தியானம், நோயாளிகள் இல்லாத நேரம். நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைக் கருவியின் தாடைப் பலகை மேல் வைத்தார்.

"அம்மா, இங்க 'உடனிருப்பவர் பெயர்'னு இருக்கு. கட்டாயம் எழுதணுமா?"

"கட்டாயம். ரெண்டு நாள் கூட இருக்கணும். உங்க பொண்ணு வரட்டும்."

"அவ எங்க வர்றது. பையனுக்குப் பரீட்சை. அவளுக்கு நான் சொல்லவும் இல்லை."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஆபரேஷன் வேண்டாம்மா. பிரஷரை நான் எறக்கிக் காட்டுறேன்."

"எப்படி?"

"மருந்தைப் போட்டா எறங்கிடும். பத்து நாள் போதும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவரே தொடர்ந்தார். வலது கண்ணுக்கு ஒரு நாளும் தவறவில்லையாம். இரண்டு பாய்லர் இருந்தால் ஒன்றை எப்போதும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். இடது ஏற்கெனவே அடிபட்டது, அதைத்தான் ஏற்றினாராம். நான் சாயங்காலம் சொல்கிற எண்ணைக் கேட்டுக்கொண்டு, முப்பதைத் தாண்டும் போலத் தெரிந்தால் இரண்டாவது மருந்தை இரண்டு நாள் போடுவார், இருபத்தெட்டாக இருந்தால் விட்டுவிடுவார். இத்தனை மாதமும் சிவப்புக் கோட்டை முள் தொடவிடாமல் ஓட்டியிருக்கிறார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஏன் ஐயா? எதுக்கு இப்படி உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க?"

அவர் குடையின் கைப்பிடியைத் தேய்த்தார்.

"இங்க சீட்டு குடுக்கிற இடத்துல பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கம்மா. பொண்ணு அப்பாங்கிறா. டயர் கடையில மாடிக்காரர்ங்கிறான். மில்லு மூடினதுக்கப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுற இடம் இது ஒண்ணுதான். அதுவும் நல்லா இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் கூப்பிடுவாங்க." குடையைக் கீழே ஊன்றி, "முள்ளு ஏறினா எறக்கிக்கலாம்னு இருந்துட்டேன். எங்க பாய்லர்ல அப்படித்தான். எறங்கிட்டா ஏறினதுக்கு அடையாளமே இருக்காது" என்றார்.

நான் இரண்டு தாள்களையும் அவர் முன்னால் விரித்தேன்.

"முள்ளு எறங்கும் ஐயா. இது எறங்காது. இந்தக் கறுப்பு யானை வாயில போன கரும்பு. வராது."

அவர் பழையதைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது வலது கண் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிடும். இடது கண்ணை மட்டும் வைத்து அவர் எதையும் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

"உங்க மூக்கு தெரியுது" என்றார். "மத்ததெல்லாம் எங்கம்மா?"

எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்கு வருவது அழுகை இல்லை, கோபம்தான். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கத்தினேன்.

அவர் கையை இறக்கினார். குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. அன்னைக்கு இந்த இமையைத் தூக்கிப் புடிச்சு ரொம்ப நேரம் பாத்தீங்களே. அய்யோ, மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். நீங்க ஒண்ணும் கேக்கலை. எங்க மில்லுக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. மீட்டரைப் பாப்பாரு. ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்னா பயமில்லைன்னு அர்த்தம். நீங்களும் பாத்துட்டு நம்பரை எழுதிட்டீங்க. சரி, ஆபத்தா இருந்தா அம்மா சும்மா விடுவாங்களா, கத்தித் தீத்துடுவாங்களேன்னு இருந்துட்டேன்."

எல்லோர் மேலேயும் கத்துகிறவள் ஒருவர் மேல் மட்டும் கத்தாமல் இருந்தால், அவர் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார். இன்றைக்கு வரை அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்காக என்று அவர் கேட்டால், உங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எப்படிச் சொல்வது?

டாக்டரிடம் போய், மருந்து போடவில்லை என்று சொன்னேன். எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதைச் சொல்லவில்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். பத்து நாள் கழித்துப் பாய்லர்காரர் வந்தார். இடது கண்ணில் பதினைந்து. முள்ளைப் பற்றி அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அந்தப் படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. என்றைக்காவது தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, காலியாக இருந்த கட்டத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

இப்போது தினமும் இரவு எட்டு மணிக்கு அவருக்குப் போன் செய்கிறேன். முதலில் அவர் பெயரைச் சொல்லி, பிறகு ஐயா என்று சேர்த்துக் கூப்பிடுகிறேன். 

"போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"ரெண்டு கண்ணுக்குமா?"

"ரெண்டு கண்ணுக்கும். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாது. போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருக்கும். ஒரு நாள் அவரிடம், பிரஷர் நன்றாக இருந்தாலும் செவ்வாய்க்கிழமை சும்மா வந்து பெஞ்சில் உட்காருங்கள் என்று சொன்னேன். "நல்லா இருக்கிறவங்களுக்கு அங்க என்ன வேலைம்மா" என்றார். குத்திக்காட்டவில்லை. விதி அது என்று மனதார நம்பிவிட்டார். நானே சொல்லிக்கொடுத்த விதி.

போன வாரம்தான் அவருக்கு நாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தார். பட்டன் திறந்திருந்தது. இரண்டு இமையும் நீளமாக, கறுப்பாக, வளைந்து இருந்தன. முதலில் வலது கண்ணில் மரத்துப்போகிற சொட்டை விட்டேன். எரிச்சலில் அவர் அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மஞ்சள் சாயத் தாளை எடுக்க அவருடைய இடது பக்கமாக வந்து, தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

அவர் திறந்திருந்த இடது கண்ணால் எதிரே என் முக்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"அம்மா," என்றார். "எங்க போயிட்டீங்க?"

"இங்கதான் ஐயா இருக்கேன்" என்றேன்.

அவர் கழுத்தை முழுக்கத் திருப்பி, என்னைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.